எங்கள் வீட்டுக் கடலில் ஒரு வம்புக்காரி

தூத்துக்குடிக்காரர்களுக்குக் கடல் தெருக்கோடியிலேயே இருக்கிறது. அதை எதற்காக வீட்டுக்குள் வேறு கொண்டுவர வேண்டும் என்று எங்கள் ஆச்சி கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் எங்கள் சித்தப்பாவோ ஒன்றை நினைத்துவிட்டால் முடிக்காமல் உறங்காதவர். 2022ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் பூசை கண்டு வீடு திரும்பியபோது, முன்கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இரும்புத் தாங்கியின்மேல் வீற்றிருந்தது. நீளம் நான்கு அடி. அகலமும் உயரமும் ஒன்றரை அடி. விளிம்புவரை நிரப்பினால் 250 லிட்டருக்குச் சற்று அதிகமாகவே பிடிக்கும்.

"பவளப்பாறையிலே வாழ்ற மீனெல்லாம் இனி நம்ம வீட்டிலே!" என்றார் சித்தப்பா.

நாங்கள் என்றால் அக்காளும் தங்கையும். ஒருத்தி பத்தாம் வகுப்பு, மற்றவள் ஏழாம் வகுப்பு. இதில் வரும் நல்லது கெட்டது இரண்டிலும் எங்களுக்குச் சரிபாதிப் பங்கு உண்டு. ஆகவே சண்டை வராமலிருக்க 'நாங்கள்' என்றே எழுதுகிறோம்.

பவளப்பாறை மீன் என்றோமே தவிர, எங்கள் தொட்டியில் பவளம் கிடையாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், புலியும் யானையும் உள்ள முதல் அட்டவணையிலேயே கல் பவளங்களும் இருக்கின்றன. அவற்றைக் கடலிலிருந்து எடுப்பது குற்றம். நம் ஊருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையேயுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அவற்றுள் இரண்டு தீவுகள் இன்று நீருக்குள் மூழ்கிவிட்டன. முன்பெல்லாம் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளக்கல்லை வெட்டி எடுத்ததை எங்கள் தாத்தா கண்ணால் பார்த்தவர். ஆகையால் சித்தப்பா சிமெண்டையும் நொறுக்கிய சிப்பியையும் கலந்து, பொந்தும் பிளவுமாகக் கற்களை வார்த்தார். சிமெண்டின் காரம் போகும்வரை வாரக்கணக்கில் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, அதன்பிறகே தொட்டியில் அடுக்கினார். மொத்தம் பதினேழு கற்கள். இந்தக் கணக்கு எங்களுக்கு ஏன் மனப்பாடம் ஆயிற்று என்பது பின்னால் தெரியும்.

கடல்நீருக்கு வல்லத்தில் தொழிலுக்குப் போகிறவர்களிடம் கேன்களைக் கொடுத்துவிடுவோம். கரைநீர் கலங்கலாக இருக்கும் என்பதால், அவர்கள் தொலைவில் போய்த் தெளிந்த நீரை மொண்டு வருவார்கள். வெயிலில் நீர் சூடேறாமலிருக்கத் தொட்டியின் மேல்மட்டத்தில் ஒரு சிறிய மின்விசிறி சுழலும். இதனால் தினமும் நீர் ஆவியாகிக் குறையும். குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், கடல்நீரை அல்ல. ஆவியாவது தண்ணீர் மட்டுமே. உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. காற்று படவேண்டும் என்பதால் தொட்டிக்குக் கண்ணாடி மூடி போடாமல், வலை தைத்த மரச்சட்டம் ஒன்றை மேலே வைத்திருந்தோம். இந்தச் சட்டத்தையும் தோழியர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

புதுத் தொட்டி என்பது புது வீடு போல அல்ல. பால் காய்ச்சியதும் குடிபுக முடியாது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கே நஞ்சு. ஒருவகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்ற, இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை அவ்வளவு கொடியதல்லாத நைட்ரேட்டாக மாற்றும். இவை கல்லிலும் மணலிலும் வேரூன்ற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். மீனே இல்லாமல் அம்மோனியாவை அளந்துவிட்டு அவற்றை வளர்க்கலாமாம். எங்களுக்கு அது பிறகுதான் தெரிந்தது. மீன் கடைக்காரர் பழைய வழியையே சொன்னார்: "எதையும் தாங்குற மீனா ஒண்ணை முதல்லே விடுங்க, தானா சரியாயிடும்."

அப்படி வந்து சேர்ந்ததுதான் பொட்டு.

மூன்று பொட்டு டாம்செல் என்பது அதன் பொதுப்பெயர். அன்று ஓர் அங்குலம்கூட இல்லை. கருவெல்வெட்டுத் துணியில் கத்தரித்தது போன்ற உடம்பு. நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு, விலாப்புறத்தில் பக்கத்துக்கு ஒன்று. என்னே அதன் அழகு! பள்ளி விட்டு வந்ததும் பையை எறிந்துவிட்டுத் தொட்டியின் முன் மண்டியிடுவோம். அது ஆணா பெண்ணா என்று யாருக்கும் தெரியாது. பொட்டு வைத்திருப்பதால் பெண்தான் என்று ஆச்சி தீர்ப்பளித்துவிட்டார்கள். அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் தாங்கிக்கொண்டு, அது ஐந்து மாதம் அத்தனை பெரிய தொட்டியில் தனி ஆளாக வாழ்ந்தது. பதினேழு கற்களும் அதற்கே சொந்தமாயின.

2023இல் மஞ்சள் வால் நீல டாம்செல் ஒன்றும் நான்கு துறவி நண்டுகளும் குடியேறின. (பழைய சங்குகளில் ஒண்டிக்கொண்டு, மணலைக் கிளறி, மிச்சம் மீதியைத் தின்று, யார் வம்புக்கும் போகாமல் வாழ்பவை அவை. பெயர் வைத்தவர் விவரமானவர்தான்!) பொட்டு நீலத்தை விரட்டியது. ஆனால் நீலம் சிறியது. கண்மூடித் திறப்பதற்குள் பிளவுக்குள் நுழைந்துவிடும். அவர்கள் ஓடிப்பிடித்து விளையாடுகிறார்கள் என்று நினைத்து, தோழியரை அழைத்துவந்து காட்டிச் சிரித்தோம்.

2024 உயிர்ப்பு ஞாயிறு கழிந்த விடுமுறையில் இரண்டு கோமாளி மீன்கள் வந்தன. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையம் கோமாளி மீன்களைப் பொரிப்பகத்தில் வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. எங்களுடையவையும் பண்ணையில் பிறந்தவை என்று கடைக்காரர் சொன்னார். அதாவது கடலையும் பார்த்ததில்லை, பகையையும் பார்த்ததில்லை. அதற்குள் பொட்டுவோ மூன்று அங்குலத்துக்கு வளர்ந்திருந்தது. இந்த இனத்தில் வயது ஏற ஏறப் பொட்டுகள் மங்கும். நெற்றிப் பொட்டு ஏற்கெனவே சாம்பல் பூத்திருந்தது.

கோமாளி மீனும் டாம்செலும் ஒரே குடும்பம் என்பது பலருக்குத் தெரியாது. கடலில் சிறு பருவத்தில் பொட்டு வகையும் கடல் சாமந்தியின் கொடுக்குகளுக்கிடையே அடைக்கலம் புகுவதுண்டு. இதை நாங்கள் புத்தகத்தில் படித்து வியந்தபோது ஆச்சி, "காயீனும் ஆபேலும் மட்டும் வேற வேற வீட்டுப் பிள்ளைகளா?" என்றார்கள்.

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப்பிடாரியை விரட்டியது என்பார்கள். எங்கள் வீட்டில் ஊர்ப்பிடாரி ஒண்ட வந்ததை விரட்டியது. காலையில் விளக்கைப் போட்டதும் பொட்டு பாயும். வாலைக் கடிக்கும், துடுப்பைக் கிழிக்கும். கோமாளிகள் இரண்டும் தொட்டியின் மேல்மூலையில், நீர் வந்து விழும் குழாய்க்குப் பின்னால் ஒட்டிக்கொண்டே நாளைக் கழித்தன. இரை போட்டால் முன்னால் வரப் பயப்படும். சித்தப்பா தொட்டியின் வெளிப்புறம் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை ஒட்டிவைத்தார். பொட்டு தன் உருவத்தையே எதிரி என்று எண்ணி நாளெல்லாம் அதனோடு மல்லுக்கு நின்றது. கோமாளிகளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஒரு வாரம்தான்! பிறகு அதற்குக் கண்ணாடி சலித்துவிட்டது.

ஆகஸ்டு 5, பனிமய மாதா திருவிழா. அன்று மாலை வீடு நிறைய விருந்தாளிகள். பவனி பார்க்கப் புறப்படும் அவசரத்தில் நாங்கள் இருவரும் மீனுக்கு இரை போட்டோம். இரவு திரும்பி வந்து விளக்கைப் போட்டபோது, பெரிய கோமாளி தரையில், செருப்பு விடும் இடத்துக்கு அருகே, காய்ந்த ஆரஞ்சுத் தோல்போலக் கிடந்தது.

விரட்டுதலுக்குப் பயந்து துள்ளியிருக்கிறது. துள்ளிய இடத்தில் வலைச்சட்டம் இல்லை. சட்டம் சுவரில் சாய்ந்திருந்தது.

எங்களில் யார் அதைத் திரும்ப வைக்காமல் விட்டது என்பது இன்றுவரை முடிவாகவில்லை. அம்மாவிடம், "பொட்டு விரட்டி விரட்டிக் கொன்னுட்டும்மா" என்று அழுதோம். சட்டத்தை எடுத்துச் சத்தமில்லாமல் மேலே வைத்துவிட்டோம். நாங்கள் சொன்னது பொய் அல்ல. முழு உண்மையும் அல்ல.

பொட்டுவைத் தொட்டியிலிருந்து எடுத்தே தீரவேண்டும் என்று மறுநாளே தீர்மானம் ஆயிற்று. பிடித்துக் கடலில் விட்டுவிடலாம், கடல்தான் பக்கத்திலேயே இருக்கிறதே என்றோம். எங்கள் உயிரியல் ஆசிரியையான அருட்சகோதரி அது கூடாது என்று தடுத்தார்கள். கடையில் பல ஊர் மீன்களோடு ஒரே நீரில் இருந்த மீன் என்னென்ன நோயைச் சுமக்கிறதோ! அதோடு ஒரு செய்தியும் சொன்னார்கள். நம் பக்கத்துக் கடல்களைச் சேர்ந்த சிங்கமீன் 1985இல் அமெரிக்காவின் புளோரிடாக் கரையில் முதன்முதலாகத் தென்பட்டது. யாரோ தொட்டியிலிருந்து கடலில் விட்டதே காரணம் என்று கருதுகிறார்கள். இன்று கரீபியக் கடல் முழுவதும் அது பரவி, அங்குள்ள சிறுமீன்களைத் தின்று தீர்க்கிறது. சித்தப்பாவும் கேட்டுக்கொண்டார். மாடிப்படியின் கீழ் இரண்டடித் தொட்டி ஒன்றைத் தயார் செய்தார். பெரிய தொட்டியின் வடிகட்டிப் பஞ்சையே அதில் போட்டதால் பாக்டீரியா கூடவே வந்துவிட்டது. ஒளிந்துகொள்ள ஒரு குழாய்த்துண்டும் போட்டோம். சிறை தயார். கைதிதான் அகப்படவில்லை!

முதலில் கைவலை. மீன் பிடிப்பது இவ்வளவுதானே என்று எண்ணினோம். வலை நீரில் நுழைந்த கணமே பொட்டு பொந்துக்குள் போய்விட்டது. இரண்டு வலைகளால் இருபுறமும் மறித்தோம். அரைமணி நேரத்தில் நீர் கலங்கியது, ஒரு கல் சரிந்தது, நீலம் பயந்து நிறம் வெளிறியது. மிஞ்சியிருந்த ஒற்றைக் கோமாளி வலையில் தானே வந்து மாட்டியது. பொட்டு மட்டும் பொந்துவாயில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. தரையெல்லாம் உப்புநீர். அம்மா சொன்னதை இங்கே எழுதுவதற்கில்லை.

அடுத்து இரவு வேட்டை. டாம்செல்கள் பகலில் திரிந்து இரவில் பிளவுக்குள் உறங்குபவை. எந்தக் கல்லில் உறங்குகிறது என்று தெரிந்தால், கல்லோடு மீனையும் தூக்கி வாளியில் வைத்துவிடலாம். நல்ல யோசனைதான். இரவு பதினொரு மணிக்கு டார்ச் ஒளியில் பார்த்து, பன்னிரண்டாம் கல் என்று கண்டுபிடித்தோம். சித்தப்பா அதை மெதுவாகத் தூக்கினார். நீர்மட்டத்துக்கு வந்ததும் கல்லின் மறுபக்கத்துத் துளை வழியாக அது வழுக்கி விழுந்து, இருட்டில் மறைந்துவிட்டது. மறுநாளிலிருந்து வேறு கல்லுக்குக் குடிமாறியது. பதினேழு கற்களையும் எடுத்து நீரை இறைத்துவிடலாம் என்றார் சித்தப்பா. அதைச் செய்தால் அகப்படும் என்பது நிச்சயம். ஆனால் கோமாளி ஏற்கெனவே பாதி உயிராக இருந்தது. மறுபடி ஒரு களேபரத்தை அது தாங்குமா? தாங்காது என்றே எங்களுக்குத் தோன்றியது.

அப்போதுதான் தாத்தா நாற்காலியை இழுத்துப்போட்டுத் தொட்டியின் முன் உட்கார்ந்தார்கள். அதுவரை அவர்கள் இந்தத் தொட்டியை ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை.

"விரட்டிப் பிடிக்கிறது வலைக்காரன் வேலை. பாறைமீனைக் கூடு வச்சுல்லா பிடிக்கணும்" என்றார்கள்.

கீழக்கரைப் பக்கம் உடைமரக் குச்சிகளால் பின்னிய கூடுகளைப் பாறையோரம் கடலடியில் இறக்கிவைப்பது வழக்கம். உள்ளே நண்டோ சிப்பியோ நசுக்கிப் போட்டிருப்பார்கள். உள்ளே போக வழி அகலம். வெளியே வர வழி குறுகல். தாத்தா இளவயதில் அந்தத் தொழிலில் கொஞ்ச நாள் இருந்தவர்கள். நாங்கள் உடனே இரண்டு லிட்டர் பாட்டிலின் கழுத்தை அறுத்து, தலைகீழாக உள்ளே செருகி ஒரு கூடு செய்தோம். இறால் துண்டை வைத்து இறக்கினோம். ஒரு மணி நேரத்தில் துறவி நண்டு ஒன்றும் நீலமும் உள்ளே! பொட்டு சுற்றிச்சுற்றி வந்து முகர்ந்ததே தவிர, நுழையவில்லை.

"புதுக் கூட்டை எந்த மீனும் நம்பாது. பாசி பிடிக்கணும், பழகணும். நீங்க பிடிக்கப் போறீங்கன்னு உங்களுக்கே மறந்து போகணும்" என்றார்கள் தாத்தா.

பிறகு செய்தது இதுதான். மளிகைச் சாமான் போடும் பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்றை, உள்ளே இருப்பது தெரியும்படியான வகையைத் தேர்ந்து, நன்றாகக் கழுவிப் பக்கவாட்டில் படுக்கவைத்தோம். மிதக்காமலிருக்க உள்ளே ஒரு கல். வாயில் மேலிருந்து கீழே விழும்படி ஒரு பிளாஸ்டிக் தகடு. அதைத் தூக்கிப்பிடிக்கத் தங்கூசி நூல். நூலின் மறுமுனை தொட்டிக்கு வெளியே ஆறடி தள்ளி, நாற்காலிக் காலில். பொட்டுவின் புதுப் பொந்துக்கு அருகிலேயே டப்பாவை வைத்தோம். அன்று முதல் அதற்கான இரை டப்பாவுக்குள் மட்டுமே. கோமாளிக்கு அதன் மூலையில் தனியே ஒரு சிட்டிகை.

முதல் நாள் பொட்டு பட்டினி கிடந்தது. இரண்டாம் நாள் வாசலில் தலையை நீட்டி, ஒரு துணுக்கைக் கவ்விக்கொண்டு பின்னால் பாய்ந்தது. மூன்றாம் நாள் பாதி உடம்பு உள்ளே. நான்காம் நாள் முழுவதும் நுழைந்தது. எங்களில் இளையவளுக்குப் பொறுமை போயிற்று, நூலை விட்டாள்! தகடு நீரில் மெல்ல மிதந்து இறங்குவதற்குள் அது வெளியேறிவிட்டது. அதன்பின் மூன்று நாள் டப்பாவின் பக்கமே வரவில்லை. மூத்தவள் இளையவளோடு அந்த மூன்று நாளும் பேசவில்லை. தாத்தா மட்டும் கோபிக்காமல், தகட்டின் அடியில் ஒரு சிறு ஈயக்குண்டைக் கட்டிக் கொடுத்தார்கள்.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். மாலைதோறும் தாத்தாவோடு நாங்கள் நாற்காலியருகே தரையில் உட்கார்ந்து வெறுமனே பார்ப்போம். அப்படிப் பார்த்தபோதுதான் பொட்டு கண்டபடி விரட்டுவதில்லை என்பது தெரிந்தது. ஏழாம் கல்லைத் தாண்டி யார் வந்தாலும் பாயும். தாண்டாதவரை சும்மா இருக்கும். நீலம் அந்த எல்லையை என்றோ கற்றுக்கொண்டுவிட்டது. கோமாளிகளுக்கு யார் சொல்லித்தருவது? இரை விழும் இடமும் குழாயும் ஏழாம் கல்லுக்கு அந்தப்பக்கம் இருந்தன. அவற்றை அங்கே வைத்தது நாங்கள்.

அப்படி ஒரு மாலையில், யாரும் கேட்காமலேயே, எங்களில் மூத்தவள் சட்டத்தின் கதையைத் தாத்தாவிடம் சொல்லிவிட்டாள்.

"தெரியும்ட்டி. அன்னைக்குச் சுவர்லே சாஞ்சிருந்ததைப் பார்த்தேன்" என்றார்கள் தாத்தா, தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். "உங்க அம்மாட்ட நீங்கதான் சொல்லணும்." அன்றிரவே சொன்னோம்.

ஆகஸ்டு 24, சனிக்கிழமை மாலை, செபமாலைக்கு முன்பு, பொட்டு வழக்கம்போல டப்பாவுக்குள் நுழைந்து, ஒரு துணுக்கைத் தின்று, இன்னொன்றுக்காக உள்ளே திரும்பியது. நூலைப் பிடித்திருந்தவள் இளையவள். இம்முறை அவள் தாத்தாவின் முகத்தைப் பார்த்தாள். அவர்கள் கண்ணைச் சிமிட்டினார்கள். தகடு சட்டென்று விழுந்தது. டப்பாவுக்குள் மூன்று முறை முட்டியது. பிறகு அசையாமல் நின்றது. சித்தப்பா டப்பாவை நீரோடு அப்படியே தூக்கிச் சென்று மாடிப்படித் தொட்டியில் வைத்து, சிறிது சிறிதாக நீரைக் கலந்துவிட்டார்.

வெற்றி முழக்கம் செய்வோம் என்றுதான் எண்ணியிருந்தோம். ஆனால் அது குழாய்த்துண்டின் பக்கம்கூடப் போகாமல் ஒரு மூலையில் ஒடுங்கி, கருநிறம் வெளுத்துச் சாம்பலாகி நின்றதைப் பார்த்து இளையவள் அழுதுவிட்டாள்.

பெரிய தொட்டியில் கற்களை வேறுவிதமாக அடுக்கினோம். இப்போது யாருக்கும் பழைய எல்லை கிடையாது. கோமாளியோ, விரட்ட ஆளில்லாதபோதும் பதினைந்து நாள் குழாயின் பின்னாலேயே நின்றது. அந்தப் பதினைந்து நாட்கள் எங்களுக்குப் பெருந்துன்பமாக இருந்தன. ஒருநாள் காலையில் அது தானே தொட்டியின் நடுப்பகுதிக்கு வந்து மணலை முகர்ந்தது. அன்று பள்ளிக்குத் தாமதமாக வந்ததற்கு இதுவே காரணம் என்பதை வகுப்பாசிரியைக்கு இங்கே தெரிவித்துக்கொள்கிறோம்.

கோமாளி மீன்களில் இணையில் பெரியதே பெண். அது இறந்தால் எஞ்சிய ஆணே சில காலத்தில் பெண்ணாக மாறும். ஆகவே அடுத்து வாங்கும்போது இதைவிடச் சிறியதாகத்தான் வாங்க வேண்டும். முதல் வாரம் அதைத் துளையிட்ட டப்பாவில் வைத்து, மற்றவை பார்த்துப் பழகியபின்தான் திறந்துவிட வேண்டும் என்று சித்தப்பா சொல்லியிருக்கிறார். நாங்கள் இன்னும் வாங்கவில்லை. ஏனென்றால் இத்தனை நாள் ஒதுங்கியிருந்த நீலம், பொட்டு போன மூன்றாம் வாரத்திலிருந்து ஐந்தாம் கல்லைத் தனதாக்கிக்கொண்டு, நெருங்கியவர்களை முறைக்கத் தொடங்கியிருக்கிறது. சிறியதுதான், கோமாளிக்கு ஆபத்தில்லை. ஆனாலும் அந்த மளிகை டப்பாவை அம்மா கேட்டபோது நாங்கள் திருப்பித் தரவில்லை.

பொட்டுவுக்கு மறுபடி கருநிறம் ஏறிவிட்டது. குழாய்த்துண்டையும் தனதாக்கிக்கொண்டது. தொட்டியைத் துடைக்கக் கையை விட்டால் ஓடிவந்து விரலைக் கடிக்கிறது. நேற்று இளையவளின் சுட்டுவிரலில் கடித்த இடம் சிவந்திருந்தது. அதை அவள் வீட்டிலுள்ள எல்லாரிடமும் பெருமையாகக் காட்டிக்கொண்டு திரிந்தாள்.